நீல எனாமல் சட்டி

எங்கள் வீட்டு அடுப்பில் நீலச் சட்டி ஏறினால் தீயைச் சின்னதாகத்தான் வைக்க வேண்டும். பெரிதாக வைத்தால் என் மனைவி மேசையைத் தட்டுவாள். எண்ணெய் விடாமல் சும்மா காய வைத்தாலும் தட்டுவாள். எவர்சில்வர் கரண்டியைக் கையில் எடுத்தால், அது சட்டிக்குள் இறங்கும் முன்பே மேசையில் தட்டு விழும். பக்கவாதம் வந்த பிறகு அவளுக்குப் பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் சொன்னபடி கேட்பதில்லை. மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கையின் விரல் முட்டியால் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால், நான் ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று அர்த்தம். சரியாகச் செய்தால் சத்தமே வராது. சரி என்பதற்கு அவளிடம் சைகை எதுவும் கிடையாது. பேச்சு இருந்த காலத்திலும் கிடையாது.

கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பில் கத்தவே மாட்டாளாம். மேசையைத் தட்டுவாள், பிள்ளைகள் அடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகு செல்போனில் சமையல் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு அந்தச் சட்டியை வரவழைத்தாள். வார்ப்பிரும்புச் சட்டி, மேலே எனாமல் பூச்சு. வெளியே மயில் கழுத்து நீலம், உள்ளே பால் வெள்ளை. மூடியோடு தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இத்தனை கனம் எதற்கு என்று கேட்டேன். "கனமா இருந்தாத்தானுங்க சூடு நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டாள்.

இரும்புச் சட்டி எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. தோசைக்கல்லோ பணியாரக் கல்லோ வாங்கி வந்தால், அரிசி கழுவிய தண்ணீரில் ஊறப் போட்டு, எண்ணெய் தடவிக் காய வைத்து, வெங்காயத்தை வதக்கிக் கொட்டி, அதைப் பழக்கி எடுப்போம். ஒரு தடவை பழகிவிட்டால் அப்புறம் கரண்டியால் சுரண்டினாலும் நாரைப் போட்டுத் தேய்த்தாலும் அது கவலைப்படாது. புளி மட்டும் அதற்கு ஆகாது. புளிக்குழம்பை வைத்தால் குழம்பும் கறுக்கும், வாயும் கசக்கும். நீலச் சட்டிக்கு எல்லாமே நேர்மாறு. பழக்க வேண்டியதில்லை. புளி ஊற்றலாம், தக்காளியை வேக விடலாம். ஆனால் சுரண்டக் கூடாது, அடுப்பின் மேல் இழுக்கக் கூடாது, சூட்டோடு இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் பூச்சு விரிசல் விட்டுவிடும் என்று அவள் சொன்னபோது, சமைக்கிற பாத்திரத்துக்கு இத்தனை உபசாரமா என்று நான் எரிச்சல்பட்டேன்.

அவள் தம்பி சிரித்தான். அவனுக்குக் கணபதி என்கிற பகுதியில் ஃபவுண்டரி இருக்கிறது; பம்புக்கும் மோட்டாருக்கும் வெளிக்கூடு வார்க்கிறான். வீடும் அதற்குப் பக்கத்தில்தான், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, வண்டியில் வர வேண்டும். இரும்பைப் பற்றி யாரும் அவனுக்குச் சொல்லித்தர முடியாது. சட்டியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாமா, இரும்புக்குப் பெயிண்ட் அடிச்சு அக்கா தலையில கட்டிப்போட்டாங்களா?" என்றான்.

"அது பெயிண்ட் இல்லடா. கண்ணாடி. பொடியாக்கிப் பூசிச் சூளையில வெச்சு உருக்கறது" என்றாள் அவள்.

"கண்ணாடிய இரும்புல ஒட்டறாங்களாமா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். நானும் சிரித்தேன். அவள் கணக்குப் பரீட்சையில் எங்கள் இருவரையும் பெயிலாக்குகிற மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் பிரஷைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகம் இல்லை. லிஃப்ட் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது, அதில் உட்கார்ந்திருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் நான் தைரியமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். தைரியமெல்லாம் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு வலது பக்கம் மரத்துப்போயிருப்பதை டாக்டர் ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சொன்னார். என்னை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். சமையலுக்கு ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தேன். நல்ல சமையல், சுத்தமான கை. முதல் நாள் நீலச் சட்டியில் கொள்ளு ரசம் வைத்துவிட்டு, அதைக் கழுவும் தொட்டியில் போட்டு, கம்பி நாரைக் கையில் எடுத்தார்கள். சக்கர நாற்காலியில் மேசையோரம் உட்கார்ந்திருந்தவள் தட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான். அந்த அம்மா திரும்பிப் பார்த்தார்கள். இவள் இன்னொரு தட்டு தட்டினாள். முகம் கோணியிருந்தாலும் கோபம் அப்படியே நேராக இருந்தது. மறுநாள் அந்த அம்மா வரவில்லை. உங்க ஊட்டம்மாவப் பாத்தா பயமா இருக்குதுங்க என்று போனில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

இப்படித்தான் நான் அடுப்படிக்குள் போனேன். மில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். எந்த பேரிங் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டில் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. தப்பான டப்பாவைத் திறந்தால் அதற்கும் ஒரு தட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். விழவில்லை. கடுகுக்குப் பதில் கேழ்வரகைத் தாளித்தபோதுகூட அவள் சும்மாதான் இருந்தாள். நீலச் சட்டியில் கை வைத்தால் மட்டும்தான் தட்டு.

அவளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள். மாடு, குடை, சீப்பு என்று படங்களை எடுத்துக் காட்டி, "அம்மா, இது என்னங்கம்மா?" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கேட்பாள். இவள் சுவரைப் பார்ப்பாள். ஆயிரம் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா நடத்தியவளிடம் மாட்டுப் படத்தைக் காட்டினால் வேறு என்ன செய்வாள்? ஒரு நாள் பயிற்சி நடக்கும்போது நான் அடுப்பில் சட்டியை வைத்துவிட்டுத் தீயைக் கூட்டினேன். மேசையில் தட்டு விழுந்தது. நான் தீயைக் குறைத்தேன். அந்தப் பெண் படங்களைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், இது எத்தனை நாளா நடக்குதுங்க?"

"சட்டி அடுப்புல இருந்தா நடக்கும்."

"இது பேச்சுதானுங்க சார். அவங்க பாக்கறாங்க, யோசிக்கறாங்க, உங்களுக்குச் சொல்லறாங்க. இத விட்டுப்போடாதீங்க. இப்போதைக்கு அவங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

அன்றிலிருந்து எல்லாவற்றையும் நீலச் சட்டியிலேயே சமைத்தேன். பெரும்பாலும் அரிசியும் பருப்பும்தான். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, அரிசியையும் துவரம் பருப்பையும் போட்டு, அவளால் விழுங்க முடிகிற அளவுக்குக் குழைய விடுவேன். ஒரு தடவை அடி பிடித்துவிட்டது. நாரைத் தேடினேன், தட்டு விழுந்தது. பச்சைத் தண்ணீரைத் திறக்கப் போனேன், அதற்கும் விழுந்தது. சட்டி ஆறும்வரை காத்திருந்து, வெந்நீர் ஊற்றி, சோடா உப்பைப் போட்டேன், சத்தம் இல்லை. ஊறிய பிறகு துணியால் துடைத்தேன். பழுப்பாக ஒரு வட்டம் அடியில் தங்கிவிட்டது. அதை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டு விழவில்லை. கறை இருக்கலாம், கீறல்தான் கூடாது. ஈரத்தோடு அலமாரியில் வைக்கக் கூடாது, மூடிக்கும் சட்டிக்கும் நடுவே ஒரு துணியை மடித்து வைக்க வேண்டும், பூச்சு இல்லாத விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும் என்பதையெல்லாம் இப்படித்தான் கற்றேன். வாயால் சொல்லியிருந்தால் நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேச்சை இவ்வளவு கவனித்துக் கேட்டது அப்போதுதான்.

சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. வருத்தமாகவும் இல்லை. காலையில் சட்டியை எடுப்பேன், தட்டு விழும், திருத்திக்கொள்வேன். நாள் ஓடியது. ஆனால் அந்தத் தட்டு நின்றுவிட்டால் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமே இருக்காது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஒரு நாள் கழுவும்போது சட்டி குழாயில் இடித்துவிட்டது. வெளிப்பக்கம், விளிம்புக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்குப் பூச்சு தெறித்து, கறுப்பு இரும்பு தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் தட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆனது ஆகிவிட்டது, இனித் தட்டி என்ன? உள்பக்கம் வெள்ளை பிசகாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன், இருந்தது. மறுநாள் சமைத்தபோது தட்டு வழக்கம்போல் விழுந்தது. எனக்கு மூச்சு வந்தது.

அந்த வாரம் மச்சினன் வந்தான். தாராபுரத்தில் இருக்கும் தன் தோட்டத்திலிருந்து இளநீர் கொண்டுவந்திருந்தான். வாரம் தவறாமல் வருவான். வந்தால் அக்காவுக்கு இளநீரைக் கரண்டியால் ஊட்டி, வாயோரம் வழிவதைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சு. அன்றைக்கு அவன் கண்ணில் சட்டி பட்டுவிட்டது. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பெயிண்ட் உரிய ஆரம்பிச்சிருச்சுங்க மாமா. உள்ளயும் பாருங்க, எப்பிடிக் கறை ஏறிக் கெடக்குது. இதெல்லாம் அக்கா வயித்துக்குள்ளதான போகுது?"

"பெயிண்ட் இல்ல மாப்ள. உங்க அக்கா சொன்னா இல்ல."

"செரிங்க, செரிங்க" என்றான். அவன் அப்படிச் சொன்னால் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அவளைக் குளிப்பாட்டும் நேரம் ஆகிவிட்டது. குளிப்பாட்டி, சேலை மாற்றி, தலை துவட்டி வெளியே வருவதற்குள் அவன் போய்விட்டான். அலமாரியில் சட்டி இல்லை. போன் செய்தேன்.

"நாந்தானுங்க எடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் பளபளன்னு கொண்டு வாரேன் பாருங்க."

என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவும் உரிய நேரத்தில் தோன்றாது.

ஃபவுண்டரிகளில் ஷாட் பிளாஸ்டிங் என்று ஒரு இயந்திரம் உண்டு. வார்த்தெடுத்த உருப்படியை உள்ளே மாட்டிக் கதவைச் சாத்திவிட்டால், பொடி இரும்புக் குண்டுகள் நாலா பக்கமும் வேகமாக வந்து அடித்து, ஒட்டியிருக்கும் மணலையும் துருவையும் உதிர்த்துவிடும். பழைய பெயிண்ட் உரிந்துபோன வார்ப்பு எது வந்தாலும் அதில் போட்டெடுப்பதுதான் அங்கே வழக்கம். அவன் அக்காவின் சட்டியை அதில் போட்டுவிட்டான். போகவில்லை, போகவில்லை என்று திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான். வேறு யார் கையிலும் கொடுக்காமல் தானே பக்கத்தில் நின்று எடுத்தானாம்.

சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து, மேசையில் அவள் முன்னால் பிரித்து வைத்தான். நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. உள்ளும் புறமும் ஒரே சாம்பல் நிறம்.

"பாருங்கக்கா. இரும்புன்னா இதுதானுங்க இரும்பு. என்ன ஒட்டு ஒட்டியிருந்துச்சு, உடறதாவே இல்ல. இனி உங்களுக்கு ஒரு பயமும் இல்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்காகத் தன் கையால் ஒன்று செய்துவிட்ட சந்தோஷம். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அவள் இடது கை விரலைச் சட்டிக்குள் விட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். விரல் நுனியில் சாம்பல் பொடி ஒட்டியது. சேலையில் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் சட்டி முழுக்கத் துரு பூத்திருந்தது. தேய்த்துக் கழுவி, அரிசித் தண்ணீர் ஊற்றி, எண்ணெய் தடவி, வெங்காயம் வதக்கிக் கொட்டினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அரிசியும் பருப்பும் வைத்தேன். தக்காளி பட்டு சோறு கறுத்துப்போய், இரும்பு வாடை அடித்தது. ஊட்டினேன். சாப்பிட்டாள். தட்டு விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண் வந்தபோது, "தட்டறாங்களா சார்?" என்று கேட்டாள். இல்லை என்றேன். மாட்டுப் படத்தை வெளியே எடுத்தாள்.

பிறகு நான் வேண்டுமென்றே தப்புச் செய்ய ஆரம்பித்தேன். வெறும் சட்டியைப் பெரிய தீயில் வைத்துப் புகைய விட்டேன். எவர்சில்வர் கரண்டியால் கரகரவென்று சுரண்டினேன். காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன். அது சீறி ஆவி கிளம்பி அடுப்படியே மறைந்தது. ஆவி விலகியதும் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புன்னா தட்டு" என்றேன். "தட்டு புள்ள. உனக்குத்தான் தெரியுமில்ல."

என் சத்தம் எனக்கே அசிங்கமாக இருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். அப்போது எனக்கு ஒன்று புரிந்த மாதிரி இருந்தது. இவள் இத்தனை நாளும் என்னோடு பேசவில்லை. தன் சட்டிக்குக் காவல் இருந்திருக்கிறாள். நான்தான் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். காக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் காவலை விட்டுவிட்டாள். இப்படி நினைத்தபோது வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. கரண்டியைக் கழுவி வைத்தேன்.

மச்சினன் போனில் கூப்பிட்டான். "அக்காவ எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க மாமா. ஆள் போட்டுப் பாத்துக்கலாம். நீங்க தனியாக் கெடந்து எத்தனை நாளைக்குச் செய்வீங்க? வண்டி அனுப்பட்டுமுங்களா?" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் சொல்கிறேன் என்றேன். எப்படியும் சரி என்றுதான் சொல்வதாக இருந்தேன். அவளுடைய சேலைகளைக்கூடத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

காலையில் வழக்கம்போல் அவளை மேசையோரம் உட்கார வைத்துவிட்டு அரிசியும் பருப்பும் வைத்தேன். வெந்துவிட்டது. அடுப்பை அணைத்தேன். மருந்துச் சீட்டை எடுத்து வைத்தேனா, அவள் மரத்த காலில் மாட்டும் பெல்ட்டை எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே சட்டியை இறக்கக் கையை நீட்டினேன். கரித்துணி எடுக்கவில்லை. வெறுங்கை.

தட்டு விழுந்தது.

எனக்குக் காதில் விழுந்தும் உறைக்கவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது. மறுபடி தட்டினாள். மறுபடியும். விடாமல் தட்டினாள். மேசையில் இருந்த தம்ளர் அதிர்ந்து உருண்டு விழுந்து, தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. நான் சட்டியின் காதுகளுக்குப் பக்கத்தில் கையை வைத்தபடி நின்றுவிட்டேன். அனல் உள்ளங்கையில் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் சட்டியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டியில் தோல் சிவந்திருந்தது.

கையை இழுத்துக்கொண்டேன். சத்தம் நின்றது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் பிரஷைக் கீழே போட்ட அன்றைக்கு வந்திருக்க வேண்டிய பயம், ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்திருக்க வேண்டிய பயம். ஈரத் தரையிலேயே அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். அவள் இடது கையை என் தலையில் வைக்கவில்லை, அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சோறு ஆறிப்போகிறது என்கிற முகத்தோடு காத்திருந்தாள்.

ஊட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சினன் கூப்பிட்டான்.

"வண்டி கெளம்பட்டுமுங்களா மாமா?"

"வேண்டாம் மாப்ள."

"ஏனுங்க?"

"உங்க அக்கா எங்கூடப் பேசிட்டிருக்கறா" என்றேன்.